சேற்றுக்குள் உண்டான கல்

கடலடிச் சேறு எடுக்கத்தான் அந்த வள்ளத்தில் ஏறினேன். பண்டத்தரிப்புத் தோட்டக்காரரின் மகள் நான். மண் தெரியும், அலை தெரியாது. கரை மறைவதற்குள் காலையில் சாப்பிட்ட இடியப்பம் கடலுக்குப் போனது. வள்ளக்கார அண்ணை தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"பண்டத்தரிப்பிலை அலை அடிக்கிறேல்லை என்ன?"

அவர் அப்போது மீன்பிடித் தொழிலுக்குப் போவதில்லை. எங்களைப் போன்ற பல்கலைக்கழகக்காரரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். காரணத்தை அவரே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், மச்சானின் புது வலையைத் தாழவிட்டு நீரோட்டத்தோடு போயிருக்கிறார். வெறும் சேறு என்று எல்லோரும் நம்பும் இடத்தில் வலை கல்லில் சிக்கிக் கிழிந்துவிட்டது.

"சேத்துக்குள்ளை கல்லு எங்கையிருந்து வரும்? நீ நித்திரை கொண்டு, வள்ளத்தைக் கல்லுப் பக்கம் போக விட்டிட்டாய்" என்றாராம் மச்சான். ஊரும் அதையே சொன்னது. பிறகு ஒருவரும் அவரைத் தொழிலுக்குக் கூப்பிடவில்லை.

நான் கேட்டது, சேற்றிலிருந்து குமிழி வரும் இடம். தனக்கு ஒன்று தெரியும் என்று கூட்டிப்போனார். குமிழிகள் வந்தன. ஆனால் சேற்றில் இறக்கிய குழாய் 'ணங்' என்று எதிலோ மோதி வாய் நெளிந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"சேத்து இடமெல்லோ கேட்டனான்? கண்ணைத் திறந்துகொண்டுதானே ஓட்டினியள்?"

அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாக் கதையும் தெரிந்துகொண்டு அதைச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கம்.

குழாயை இழுத்தோம். கறுத்த சேறு, கூழ்முட்டை நாற்றம், வாயில் இறுகிய சாம்பல் நிறக் கல்.

"இதுதான் அந்த வலை கிழிஞ்ச இடம், பிள்ளை" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கையாலும் இருந்து உருண்டு வந்திருக்கும்" என்றார்.

ஆய்வுகூடத்தில் அமிலத்துளி பட்டதும் கல் நுரைத்தது. சுண்ணாம்புதான், ஆனால் சிப்பியும் இல்லை, பவளமும் இல்லை. ஒரு துண்டை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். ஆறு மாதத்தில் பதில் வந்தது: கல்லில் இருந்த காபன் மெதேனிலிருந்து வந்தது.

அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு பிள்ளை" என்று உட்காரக் கதிரையைக் காட்டினார்.

சேற்றின் ஆழத்தில் அழுகிக் கிடப்பதிலிருந்து மெதேன் வாயு கசிந்து மேலே வருகிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேற்று என்ற உப்பு சேற்றுக்குள் இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த வாயுவைத் தின்கின்றன. அதனால்தான் அந்த நாற்றம், அந்தக் கறுப்பு. மிஞ்சும் காபன் கடல்நீரின் கல்சியத்தோடு சேர்ந்து சேற்றையே கல்லாக இறுக்கிவிடுகிறது. இதையெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவர் வீட்டுக் கேத்தல் கைகொடுத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைக் காட்டினேன்.

"அதுமாதிரித்தான் அண்ணை. கல்லு எங்கையிருந்தும் வரேல்லை. அந்தச் சேத்துக்குள்ளையே உண்டானது."

கல்லை அவர் கையில் கொடுத்தேன். உடனே மச்சானிடம் கொண்டு ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை" என்றார்.

மச்சானும் ஊரும் மட்டும்தான் அவரை நம்பவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.