ரஃபல் அம்மாவின் முகம்

எங்கள் சந்தில் பெண்கள் யாருக்கும் வாட்ஸப்பில் முகம் கிடையாது. எனக்கு ஒரு மல்லிகைப் பூ. மாடிவீட்டு ஸுஹாதுக்கு ரோஜா. ரஃபல் அம்மாவுக்கு ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை, பக்கத்தில் சர்க்கரைக் கட்டி. பாக்தாதில், அதிலும் கராதாவில், எங்கள் வயதுக்காரிகள் இப்படித்தான். என்னைப் பார்க்க வேண்டுமா, வீட்டுக்கு வா, தேநீர் போட்டுத் தருகிறேன். போனில் ஏன் தேடுகிறாய்?

ரஃபல் அம்மாவின் சொந்தப் பெயர் நிதால். அது அவளுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும், நாங்கள் மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். வீடு வீடாகப் போய் ஊசி போடுவது அவள் தொழில். இந்தச் சந்தில் அவள் ஊசி ஏறாத இடுப்பு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் கிழவர்களைக்கூட மிரட்டுவாள் என்று நான் சொல்வேன். அவளும் ஆமாம் என்பாள். பேச்சில் தயக்கம் என்பதே கிடையாது. உருளைக்கிழங்கு விலையிலிருந்து உலக அரசியல் வரை எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள், பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

சந்துக்கென்று இருக்கும் வாட்ஸப் குழுவை அவள்தான் நடத்துகிறாள். ரொம்பக் கறார். இறந்தவர்களின் படத்தை யாரும் போடக்கூடாது. குண்டு வெடித்தால், யார் போனார்கள் என்ற பெயரை, அந்த வீட்டுக் கதவை ஒரு மனிதன் தட்டி வாயால் சொல்லும்வரை எழுதக்கூடாது. யாராவது பரபரப்பாக ஏதாவது அனுப்பினால், உடனே அவளிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வரும்: "யார் பார்த்தது?" பதில் இல்லையென்றால் அனுப்பியவரை அன்று முழுக்க வெளியே தள்ளிவிடுவாள். என் வீட்டுக்காரரையே ஒருமுறை தள்ளியிருக்கிறாள்.

இதெல்லாம் சும்மா வந்த கறார் இல்லை. துணிச் சந்தையில் குண்டு வெடித்த அன்று, அவள் தன் அம்மாவோடு உட்கார்ந்து திராட்சை இலையில் சோறு சுருட்டிக்கொண்டிருந்தாள். போனில் ஒரு படம் வந்தது. யாரோ தெரியாதவன் அனுப்பியது. அதில் ஒரு செருப்பு, செருப்பில் அவள் தம்பி ஸபாஹின் கால். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், இன்னும் இரண்டு இலை சுருட்டினாள். அதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அப்படிப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

பள்ளிக்கூடம் விடும் நேரம். ரஃபல் உள்ளே இருந்தாள், பதினைந்து வயது, ஒரே பெண். பள்ளி முனையில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. உள்ளே ஆள் இல்லை. பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. நம்பர் பிளேட் மோசூலுடையது, பயங்கரவாதிகள் ஒரு காலத்தில் பிடித்து வைத்திருந்த வடக்கு ஊர். இந்த ஊரில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்னாலேயே வண்டியின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். பாரம் ஏறியிருந்தால் ஓடு என்று சொல்லித்தான் வளர்த்தோம்.

மகளைக் கூப்பிடப் போயிருந்த ரஃபல் அம்மா முதலில் போலீசுக்குத்தான் போன் செய்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வண்டியைப் படம் பிடித்தாள். "மோசூல் வண்டி. ஆள் இல்லை. டிக்கி நிறைய பாரம். பயங்கரவாதிகள் வேலை. எல்லோருக்கும் சொல்லுங்க" என்று எழுதிக் குழுவில் போட்டாள். யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிறவளே அவள்தானே. ஒரு தேநீர் கொதிக்கும் நேரத்துக்குள் படம் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

படைக்காரர்கள் வந்தார்கள். தெருவைக் காலி செய்தார்கள். கண்ணாடியை உடைத்து டிக்கியைப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்தது எள் விழுது. தகர டப்பா டப்பாவாக. அடியில் உடைத்த கோதுமை மூட்டைகள். கடப்பாரை பட்ட தகரங்களிலிருந்து எள் விழுது வழிந்து, சாக்கடை ஓரமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தெரு முழுக்க வறுத்த எள் வாசனை. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு பெரியவர் கையில் ஒரு தகரத்தோடு ஓடி வந்தார். பெயர் தன்னூன். மோசூலிலிருந்து எள் விழுதும் கோதுமையும் கொண்டுவந்து பாக்தாத் கடைகளுக்குப் போடுகிறவர். அவருடைய மகள் ஷஹ்லா புதிதாகக் குடிவந்து, பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் கீழே இறங்க மறந்துவிட்டார். வண்டி நிறுத்துமிடத்தில் காசு கேட்பார்கள் என்று பள்ளி முனையில் விட்டிருக்கிறார். மோசூல்காரர்கள் கைக்கு இறுக்கம் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு, அன்று அந்தக் கேலி வாயில் வரவில்லை. அவரைக் குப்புறத் தள்ளிக் கையைப் பின்னால் கட்டினார்கள். யாரோ அதையும் படம் பிடித்தார்கள்.

மறுநாள் மருமகன் அலைந்து திரிந்து அவரை வெளியே கொண்டுவந்தான். ஆனால் படத்திலிருந்து அவர் வெளியே வரவில்லை. இரண்டு படமும் ஒன்றாகச் சேர்ந்து, "கராதாவில் பிடிபட்ட பயங்கரவாதி" என்று ஊர் ஊராகச் சுற்றியது. டிக்கியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு அவர் மோசூலுக்குக் கிளம்பினார். முதல் பெரிய சோதனைச் சாவடியிலேயே ஒரு சிப்பாய் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினான். மாலைவரை வெயிலில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். சரக்கு வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர்களும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாதைதான் அவருடைய பிழைப்பு. அது மூடிவிட்டது.

குழுவில் ரஃபல் அம்மா உடனே தவறைத் திருத்தி எழுதியிருந்தாள். வண்டியில் இருந்தது எள் விழுது, வதந்தியைப் பரப்பாதீர்கள் என்று. சந்துக்காரர்கள் அதன் கீழே கைதட்டல் போட்டார்கள், முன்னெச்சரிக்கை நல்லதுதான் என்று ஆறுதல் சொன்னார்கள். ஒருவரும் அதை வெளியே அனுப்பவில்லை. அவள் புருஷன் ஜப்பார், சந்து ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவன், விடு, நம் ஊரில் எல்லாம் இரண்டு வாரத்தில் மறந்துபோகும் என்றான். மறக்கிறவர்களுக்கு மறந்துபோகும், அந்த மனிதன் எப்படி வீட்டுக்குப் போவான் என்று அவள் கேட்டாள்.

அன்று நான் அவள் அடுக்களையில் இருந்தேன். ரஃபல் கொஞ்சம் துடுக்காகவே கேட்டாள், போலீசுக்குச் சொன்னது தப்பா அம்மா என்று.

"போலீசுக்குச் சொன்னது தப்பில்ல கண்ணு. ஊருக்குச் சொன்னேன் பாரு, அதான் தப்பு," என்றாள். "குண்டு வைக்கிறவனுக்கு என்ன வேணும்? நாம ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பயப்படணும். மோசூல்காரனப் பாத்து பாக்தாத்காரன் ஒதுங்கணும். அதுக்குத்தான் அவன் இவ்வளவு பாடுபடறான். நான் ஒரு செலவும் இல்லாம உக்காந்த எடத்துல அவனுக்கு அத செஞ்சு குடுத்துட்டேன்."

அவளைப் பிடிக்காத நாட்களும் எனக்கு உண்டு, அன்று ரொம்பப் பிடித்தது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஷஹ்லா வீட்டுக்குப் போனாள். வழக்கமாக இப்படி ஒரு காரியத்துக்கு ஆண்கள்தான் போவார்கள், கோத்திரத்துப் பெரியவர்களோடு, அங்கி போட்டுக்கொண்டு. ஜப்பாரின் அண்ணன்மார்களைக் கூப்பிட்டதற்கு, ஒரு போன் படத்துக்கெல்லாமா என்று சிரித்தார்களாம். சரி, நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

தன்னூன் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். காப்பி வந்தது. ரஃபல் அம்மா கோப்பையை வாங்கி, வாய் வைக்காமல் முன்னால் தரையில் வைத்தாள். எங்களில் அப்படி வைத்தால், வந்தவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்காரர் சரி என்று சொன்ன பிறகுதான் குடிப்பது. ஒரு பெண் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. பெரியவரும் பார்த்திருக்க மாட்டார், மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யா, அந்தப் படத்தப் போட்டது நான்தான்," என்றாள்.

"தெரியும்மா. மக சொன்னா. நீங்களும் பிள்ளையப் பெத்தவங்க, பயந்துட்டீங்க. நான் மன்னிச்சுட்டேன். குடிங்க, ஆறிடப் போவுது. மோசூல்காரன் வீட்டுக் காப்பி, வீணாக்கக் கூடாது."

நான் என் கோப்பையை எடுத்துவிட்டேன். அவள் எடுக்கவில்லை.

"உங்க மன்னிப்புக்கு நான் வரல அய்யா. அது உங்க பெருந்தன்மை. எனக்கு உங்க பாதை தொறக்கணும். நீங்க ஊருக்குப் போயிட்டு, சரக்கு ஏத்திக்கிட்டு, இதே வண்டியில திரும்பி வாங்க. அன்னிக்குக் குடிக்கிறேன்."

மன்னிப்பு கிடைத்த பிறகும் காப்பியைக் குடிக்காமல் எழுந்தவளை அன்றுதான் பார்த்தேன். மாடிப்படியில் திட்டினேன். பெரியவரை அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிட்டதே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்ற அந்த வெள்ளை வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள், ரஃபலைப் போனில் கூப்பிட்டு வரச் சொன்னாள்.

ரஃபல் வந்ததும், ரஃபல் அம்மா மேலங்கியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த, வீட்டில் போடும் பூப்போட்ட கவுனோடு வண்டியின் பின்னால் போய் நின்றாள். நசுங்கிய டிக்கியில் ஒரு கை, மோசூல் பிளேட்டுக்குப் பக்கத்தில் மறு கை. எடு என்றாள்.

"அம்மா, முகம் தெரியுது," என்றாள் ரஃபல்.

"தெரியட்டும்."

"கவுனையாவது மாத்திட்டு வாங்களேன். ஸ்கூல்ல என்னைக் கிழிச்சிடுவாங்க."

"அழகா நின்னா எவன் அனுப்புவான்? என்னப் பாத்துச் சிரிக்கணும், திட்டணும். திட்டறதுக்காவது நாலு பேருக்கு அனுப்புவாங்க இல்ல? அனுப்பற ஒவ்வொருத்தனும் இந்த நம்பரையும் சேத்து அனுப்புவான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. படத்தின் கீழே அவள் தன் சொந்தப் பெயரோடு எழுதினாள்: "இது குண்டு வண்டி என்று பொய் சொன்னவள் நான், நிதால். உள்ளே எள் விழுது இருந்தது. வண்டிக்காரர் ஒரு தாத்தா, பேத்தியைப் பார்க்க வந்தவர். என்னைப் பிடித்துத் திட்டுங்கள், இவரை விடுங்கள்." தேநீர்க் கோப்பையை எடுத்துவிட்டு அந்தப் படத்தையே தன் வாட்ஸப் முகமாகவும் வைத்தாள்.

ஊர் திட்டியது. சும்மா இல்லை, ஆசை தீரத் திட்டியது. கிழவிக்குப் போன் எதற்கு என்றார்கள், கவுனைப் பற்றி எழுதினார்கள், எள் விழுது ராணி என்று பட்டம் கட்டினார்கள். கூடவே அந்தப் படத்தில் அவளுடைய வாக்குமூலமும் வண்டி நம்பரும் போய்க்கொண்டே இருந்தன. ஜப்பாரின் அண்ணன்மார்கள் இப்போது மட்டும் உடனே வந்தார்கள், வீட்டுப் பெண்ணின் முகம் சந்தி சிரிக்கிறதே என்று. ஜப்பார் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, "அந்த முகத்த நான் தினமும்தான் பாக்கறேன், ஒண்ணும் தேயல," என்றான். இருபது வருஷத்தில் அவன் பேசிய நல்ல பேச்சு அதுதான் என்று அவள் பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ரஃபலை மட்டும் பள்ளியில் படுத்தினார்கள். ஒரு வாரம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரஃபல் அம்மாவுக்கு வலித்தது அது ஒன்றுதான்.

கோடை முடிகிற சமயத்தில் தன்னூன் கிளம்பினார். இந்தமுறை அப்பா திரும்பி வரவில்லை என்று மாலையில் ஷஹ்லா சந்தோஷமாக ஓடி வந்து சொன்னாள், வரவில்லையென்றால் சாவடியைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். அன்றிலிருந்து ரஃபல் அம்மா ஊசி போடப் போகிற வழியில் பள்ளி முனையைப் பார்த்துக்கொண்டேதான் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்து நின்றது. பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எல்லோரும் கீழே இறங்கிப் போய்த் தகரம் தூக்கினோம்.

ஷஹ்லா காப்பி போட்டாள். தன்னூன் தன் கையாலேயே ஊற்றி ரஃபல் அம்மாவிடம் நீட்டினார். கடைசிச் சாவடியில் ஒரு சிப்பாய் போனைப் பார்த்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தானாம், இவருக்கு உயிரே இல்லையாம். அவன் போனை நீட்டி, இந்தம்மா உங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க அய்யா?" என்று கேட்டாள் ரஃபல்.

"என் பேத்திக்கு ஊசி போடறவங்கன்னு சொன்னேன். இவங்க கையில ஊசியா, பாவம் அந்தக் குழந்தைன்னு சிரிச்சுட்டு விட்டுட்டான்."

ரஃபல் அம்மா சிரித்துக்கொண்டே கோப்பையை வாயில் வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். கண் கலங்கியது. காப்பி ரொம்பக் கசப்பு என்று சொன்னாள், நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது ரஃபல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேலைதான் முடிந்துவிட்டதே, போனில் பழைய தேநீர்க் கோப்பையையே வைத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்," என்றாள் அவள். "அடுத்த தடவ நான் ஏதாவது எழுதுவேன் இல்ல? எழுதுறது யாருன்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

கவுனும் நசுங்கிய டிக்கியுமாக அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அவளுக்கு ஏதாவது அனுப்பப் போகும்போதெல்லாம் அந்த முகம் முன்னால் வருகிறது, என் மல்லிகைப் பூவுக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் இரண்டு முறை யோசிக்கிறேன்.