நாற்பது கிலோ டயரும் இரண்டு பேரிங்குகளும்

எனக்கும் என் அண்ணனுக்கும் சண்டை வந்தால் அது பெரும்பாலும் இரும்பைப் பற்றித்தான் இருக்கும். அவருக்குக் கிள்ளானில் வெல்டிங் பட்டறை. நான் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை வடிவமைக்கிறேன். காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளுக்குப் பின்பக்கம் ஸ்பேர் டயரைத் தாங்கி, கதவு மாதிரி விலகித் திறக்கும் இரும்புக் கையை அண்ணன் செய்து கொடுப்பார். தன் சொந்த வண்டிக்குச் செய்த கை மூன்றே மாதத்தில் தொங்கிப்போனது. ஒவ்வொரு முறையும் முட்டியால் முட்டுக்கொடுத்துத்தான் மூட வேண்டியிருந்தது.

“பேரிங் சின்னதா போச்சு லா. பெருசா போட்டா சரியாயிடும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், பேரிங் என்ன செய்யும்? டயர் நாற்பது கிலோ. கீலிலிருந்து டயரின் நடு வரைக்கும் எழுபது சென்டிமீட்டர். பெருக்கினால் இரண்டாயிரத்து எண்ணூறு. பார்வைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று இவர் கீலில் மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் நடுவே எட்டே சென்டிமீட்டர் விட்டிருந்தார். எட்டால் வகுத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் முந்நூற்றைம்பது கிலோ. வண்டி குழியில் இறங்கினால் மூன்று மடங்கு. அந்த பேரிங்கின் வரம்போ எழுநூறு. மூடியிருக்கும்போது பூட்டும் கொஞ்சம் தாங்கும்தான். அதை நம்பி நான் கணக்குப் போடமாட்டேன். அதே பேரிங்குகளை இருபது சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வெறும் நூற்று நாற்பதுதான்.

“நாப்பது கிலோ டயரு, எங்கேர்ந்து முந்நூத்தம்பது வந்துச்சு? ஏர்கோன் ரூம்ல உக்காந்து போட்ட கணக்கு!”

“நீங்க வெட்டி மாத்துங்கண்ணே. மறுபடி தொங்குச்சுன்னா என்னை வந்து கேளுங்க.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாற்றினார். கை தொங்கவில்லை. ‘உன் கணக்கு சரிதான்’ என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வருமா என்று பல வாரம் காத்திருந்தேன். வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மோரிப் கடற்கரைக்குப் போனோம். மரத்தடிகளையெல்லாம் எங்களுக்கு முன்பே ஆட்கள் பிடித்துவிட்டார்கள். நான் இளநீர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரும்புக் கை அகலத் திறந்து கிடந்தது. டயருக்கு மேலே அந்தக் கையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயில் ஒரு ஸ்பிரிங் தொட்டில். அதற்குள் என் எட்டு மாத மகள். அண்ணி ஆட்டிக்கொண்டிருந்தார். நீட்டிக்கொண்டிருக்கும் எதைக் கண்டாலும் நம்மவர்களுக்குத் தொட்டில் கட்டத் தோன்றும் என்பதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

“அய்யோ, இறக்குங்க!” என்று கத்தினேன்.

“ஏன் கத்துற? உன் கணக்குதானே?” என்றார் அண்ணன்.

ஓடிக்கொண்டே மனதுக்குள் போட்டேன். மகள் ஒன்பது கிலோ. ஸ்பிரிங்கின் துள்ளலுக்காக இரட்டிப்பாக்கினால் பதினெட்டு. கீலிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர். டயரையும் சேர்த்து, பேரிங்குக்கு இருநூற்று இருபத்தொன்று. எழுநூறு எங்கே, இது எங்கே! ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரிந்தும் என் கை தொட்டிலுக்கு அடியில் போய் நின்றது. எடுக்க முடியவில்லை.

அண்ணி சிரித்தார். “பயப்படாதம்மா. நேத்து சாயந்தரம் உங்கண்ணன் இந்தக் குழாயப் புடிச்சித் தொங்கிக்கிட்டு இருந்தாரு. என்ன, எக்ஸர்சைஸான்னு கேட்டேன்.”

அண்ணன் கடல் பக்கம் பார்த்தார். “சும்மாதான். என் தொண்ணூத்தஞ்சு கிலோவைத் தாங்குச்சுன்னா பிள்ளையத் தாங்காதா?”

வேறொரு நாளாக இருந்தால், என் கணக்கை நம்பாமல்தானே தொங்கினீர்கள் என்று சண்டைக்குப் போயிருப்பேன். கணக்கு சரி, இன்று கேட்டாலும் அதே எண்ணைத்தான் சொல்வேன். ஆனால் அவர் தொங்கிப் பார்த்தார் என்று கேட்ட பிறகுதான் மகளுக்கு அடியிலிருந்து என் கையை எடுத்தேன்.