ஆறாம் விரலும் கமலவேணியும்

கமலவேணி போய்விட்டார் என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "மாரடைப்புங்க மேடம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள…" என்றது குரல். சரி என்று சொல்லி வைத்தேன். திரும்பி வந்து, கருகிப்போயிருந்த தோசையை எடுத்து, யாரோ சாப்பிட வரப்போகிற மாதிரி தட்டில் போட்டு மூடிவைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் "திங்கக்கெழம வாரேன்" என்று சொல்லிப் போனவர். அவர் இல்லை என்பதும் விளங்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? கோவையில் எங்கள் மகளிர் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் தமிழ். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். உங்களில் பாதிப்பேராவது அவரிடம் "தெரியாதுங்க" என்ற பதிலை வாங்கியிருப்பீர்கள். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும், மழை வருமா என்றால், "நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க அம்மிணி" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

என் மகன் இடது கையில் ஆறு விரல்களோடு பிறந்தான். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், குட்டி நகத்தோடு இன்னொன்று. நான் பிறந்தது கோபியில். வாழ்க்கைப்பட்டது சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். "எங்க பக்கம் ஒருத்தருக்கும் இப்பிடி இல்லீங்களே" என்றார் மாமியார். எங்கள் பக்கமும் இல்லை. அப்புறம் பிள்ளை யாருடையது? வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. ஆனால் என் கணவர் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கையை மட்டும் துண்டால் மூடிக்கொள்வார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது விரலுக்கென்று தனியாக ஒரு ஜீன் உண்டா என்று கேட்டேன்.

"விரலுக்குன்னு தனியா ஒரு ஜீன் கெடையாதுங்க அம்மிணி. வயித்துக்குள்ள கை மொதல்ல துடுப்பு மாதிரித் தட்டையா இருக்கும். எங்க மொளைக்கோணும், எங்க நிக்கோணும்னு ஏகப்பட்ட ஜீனுங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். ஒண்ணு இன்னொண்ண முடுக்கும், அது வேறொண்ண அடக்கும். கல்யாண ஊட்டுல சமையக்காரர்கிட்ட மாமன் ஒண்ணு சொல்லுவாரு, சித்தப்பன் வேண்டாம்பாரு, பெரீம்மா மாத்திச் சொல்லும். அத்தனையும் சேந்துதான எலையில விழுது? போதும்னு சொல்ல வேண்டியது கொஞ்சம் பிந்திப்போச்சுன்னா ஒரு விரல் சாஸ்தி."

"அப்ப வலது கையில ஏனுங்கக்கா இல்ல? அங்கயும் அதே ஜீன்தானுங்களே?"

"அதேதான். அங்க நேரத்துக்கு அடங்கிப்போச்சு. சிலபேருக்கு ரண்டு கையிலயும் அடங்கிப்போயி வெளியவே தெரியாது. அவங்க பிள்ளைக்கு வெளிய வரலாம்."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. எங்க பையனுக்கு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு? அதச் சொல்லுங்க."

"தெரியாதுங்க அம்மிணி. ரண்டு பக்கமும் இல்லாமப் புதுசாவும் வரலாம்."

எனக்குத் தலை சுற்றியது. ஒரே உத்தரவு, ஒரே உடம்பு. ஒரு கை கேட்குமாம், ஒரு கை கேட்காதாம். நான் கேட்டது விளக்கமா? தீர்ப்பு! என் மானம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் பெரியம்மா சித்தப்பன் என்று கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருந்தாலும் மகனுக்குக் காது குத்தும்போது அழைத்தேன், வந்தார். கோவிலில் வந்தவர் போனவர் கைகளையெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கைரேகை பார்ப்பவர் என்று நினைத்த ஓர் அத்தை உள்ளங்கையை நீட்டி, "எம்பட பேரனுக்கு எப்பங்க கண்ணாலம்?" என்று கேட்க, அங்கேயும் "தெரியாதுங்க" என்றாரே பார்க்கலாம்! எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அந்த வாரமே வீட்டில் ஏதோ மாறிவிட்டது. ஒரு காலை என் கணவர் பிள்ளையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "ஆடாம இரு கண்ணு" என்று சொல்லியபடி அந்த ஆறாவது விரலையும் பிடித்து, மெதுவாக. நான் அடுப்படியில் நின்று அழுதேன். என்ன ஆயிற்று என்று கேட்கப் பயம். கேட்டால் மாறிவிடுமோ என்று. மாமியார் வேண்டுதல் பலித்தது என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அக்காவை எரியூட்டிவிட்டுப் பேருந்தில் திரும்பும்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"உனக்குத் தெரியாது. காது குத்துன அன்னிக்கு அந்தம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டாங்க. உங்கப்பாவுக்குச் சுண்டுவிரலோரம் ஒரு தழும்பு இருக்குதே, என்னங்க தம்பின்னாங்க. தறியில பட்டதுங்கன்னேன்."

சோமனூரில் தறித் தழும்பு இல்லாத கை ஏது? அதனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதை நின்று பார்த்ததில்லை. நானும்தான்.

"அதுக்கு அந்தம்மா, இல்லீங்க தம்பி, பொறந்தப்ப நூலக் கட்டி உதுத்துப்போட்ட ஆறாவது விரலுங்க அது, பையனுக்கு உங்க பக்கமிருந்துதான் வந்திருக்குது, சத்தியமுங்கன்னு என் கையில அடிச்சுச் சொன்னாங்க."

"மாமாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். வெவரம் தெரிஞ்ச நாளா இருக்குது, ஆத்தா தறின்னுதான் சொல்லுச்சுன்னாரு. எனக்கு அந்தம்மா சொன்னதே போதும்."

மாமாவைப் பெற்ற அந்த ஆத்தா இறந்து எத்தனையோ காலம். இனி யாரைக் கேட்பது? தவழும் வயதில் தறிக்குள் கையை விட்ட பிள்ளைகள் அந்த ஊரில் இல்லையா? அக்காவுக்கு இதெல்லாம் தோன்றாமலா இருந்திருக்கும்? பின் ஏன் எனக்கு ஒரு பேச்சு, அவருக்கு ஒரு பேச்சு? வழியெல்லாம் குழம்பிக்கொண்டே வந்தேன். இப்போதும் குழம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது இதுதான். அது தறித் தழும்பா, விரல் இருந்த இடமா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாமலே எனக்காகச் சத்தியம் செய்திருக்கிறார்; அதை என்னிடம் சொல்லாமலே போய்விட்டார்.