நிற்காத வண்டியில்தான் அனுப்புவேன்!

ஒரே ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர, ஒரே வீட்டிலிருந்து இரண்டு கார் கிளம்பிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று… மந்திரி போகிற மாதிரி! போன ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து தெள்ளாருக்கு நாங்கள் அப்படித்தான் போனோம்.

நான் எந்தக் காரில் போனேன் என்று கேட்கிறீர்களா? இரண்டிலும் போனேன். பாதி வழி, சேத்துப்பட்டு வரை பெரிய பிள்ளை வண்டி. அங்கே இறங்கி ஒரு டீ. அப்புறம் சின்னப் பிள்ளை வண்டி. இரண்டு பிள்ளை பெற்றவள் வேறென்ன செய்வாள்?

விஷயத்துக்கு வருகிறேன். பெரியவன் குமரேசனின் மகள் பவித்ராவைத் தெள்ளாரில் கொடுத்திருக்கிறோம். நெல் போடுகிற குடும்பம், நல்ல மனிதர்கள். இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள். நான் கொள்ளுப்பாட்டி ஆகப் போகிறேன்! இதைப் போன வாரமும் சொன்னாயிற்று என்று என் பெரிய மருமகள் மல்லிகா முறைக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் பேசப் பேச, அவள்தான் போனில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். அடிக்கிற விரலுக்கு என்ன வந்தது? இன்னொரு தடவை அடிக்கட்டும். நான் கொள்ளுப்பாட்டி ஆகப் போகிறேன்!

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே வழக்கம்? மல்லிகா அறையை ஒழித்து, வெள்ளையடித்து, மெத்தைகூட மாற்றிவிட்டாள். அப்போதுதான் பவித்ராவின் மாமியார் சரோஜாம்மா போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“சம்பந்தியம்மா, கோச்சிக்காதீங்க. வளைகாப்பு அமர்க்களமா பண்ணிடலாம். ஆனா நடுரோட்டுல நிக்கிற வண்டியில என் மருமவள அனுப்ப மாட்டேன். நிக்காத வண்டி எடுத்தாந்தீங்கன்னா கூப்டுகினு போங்க. இல்லன்னா பிரசவம் இங்கியே பார்த்துக்கறோம்.”

அந்த அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆடி மாதம் புதுப்பெண்ணை அழைத்து வரப் போனோம் இல்லையா? குமரேசனின் கார் தெள்ளார் எல்லையைத் தாண்டுவதற்குள் குபுகுபு என்று புகை விட்டு நின்றுவிட்டது. பட்டுப்புடவையும் பூவுமாக எங்கள் பெண் புளியமரத்தடியில் நிற்கிறாள். கடைசியில் சரோஜாம்மா தன் வீட்டு டிராக்டரை அனுப்பிக் கயிறு கட்டி இழுத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. டிராக்டர் முன்னால் போகும், கார் பின்னால் கயிற்றில் வரும்… அப்படி ஒரு ஊர்வலம்!

போனை வைத்தாள் மல்லிகா. அரிசி களைந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய், வெள்ளையடித்த அறையில் உட்கார்ந்துகொண்டாள். முதல் பிரசவத்துக்குப் பெண் வரமாட்டாள் என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

என் சின்னப் பிள்ளை தாமோதரன் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன்தான் முதலில் மார்தட்டினான்.

“நான் போறம்மா. அண்ணன் வண்டி உள்நாட்டுக் கம்பெனி. அப்டித்தான் நிக்கும். என்னுது ஃபாரின் கம்பெனி. இது வரைக்கும் ஒரு தபா நின்னிருக்குமா?”

குமரேசன் விடுவானா? அவன் சாயப்பட்டறையிலிருந்து பட்டு நூலைக் காரில் ஏற்றி, தறி வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். அந்தக் காரை யாராவது குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

“ஏண்டா, மாடு முட்டி உன் வண்டி வெளக்கு ஒடஞ்சுதே, இன்னா ஆச்சி? வெளக்கு கப்பல்ல வருதுன்னு ஷெட்டுல வெச்சிகினு எத்தினி மாசம் உக்காந்துகினு இருந்த?”

“அது நின்னது இல்லண்ணா. பார்ட்ஸுக்கு வெய்ட் பண்ணுச்சி.”

“நான் நின்னா ரிப்பேரு, நீ நின்னா வெய்ட்டிங்கா? மாடு உள்ளூரு, வெளக்கு வெளிநாடு… நல்லா கீதுடா உன் நியாயம்! என் வண்டி எந்த ஊர்ல நின்னாலும் அந்த ஊர்லயே ஒருத்தன் ஸ்பேனரோட ஓடியாருவான்.”

“அதனாலதான் எல்லா ஊர்லயும் நிக்குது.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. மல்லிகா இருந்த இருப்பில் சிரிக்க முடியுமா? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஆனால் குழப்பம் பிடித்துக்கொண்டது. அடிக்கடி நிற்கும், உடனே கிளம்பும்… இது நம்பகமா? அபூர்வமாக நிற்கும், நின்றால் கிளம்பவே கிளம்பாது… அது நம்பகமா? உங்களுக்குத் தெரியுமா?

சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று அடுத்த வீட்டு ரேவதியைப் பிடித்தேன். இங்கே பக்கத்தில் சேவூரில் பிறந்த பெண். வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்றில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். லீவு நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டி ரேவதி, தாமு வண்டி ஃபாரின் வண்டிதானே? எந்தக் கப்பல்ல வந்துச்சி?”

“கப்பலா? ஆயா, அந்த வண்டி ஒரகடம் பக்கத்துல செய்றது. அதுக்குக் கதவு மாட்றதே நான்தான்!”

“நீயா?”

“ஆமா. லைன்ல வண்டி வந்துகினே இருக்கும். நான் இந்தப் பக்கக் கதவு. அந்தப் பக்கம் ஒரு செய்யாறு பொண்ணு.”

“அப்ப அது நம்ம ஊரு வண்டிதானே?”

“கம்பெனி ஃபாரின் ஆயா.”

“அப்ப குமரேசன் வண்டி?”

“அது நம்ம கம்பெனி. ஆனா பெரியப்பா வண்டி இஞ்சின் டிசைன் வெளிநாட்டுதுன்னு சொல்லிக்கறாங்க.”

கேட்டீர்களா கதையை? ஃபாரின் வண்டிக்குச் சேவூர்க்காரி கதவு மாட்டுகிறாள். நம் வண்டிக்கு இஞ்சின் மட்டும் வேறு தேசத்துப் புத்தி. அப்படியென்றால் எது உள்நாடு? எது வெளிநாடு? கதவை வைத்துச் சொல்வதா, இஞ்சினை வைத்துச் சொல்வதா, பெயர்ப்பலகையை வைத்துச் சொல்வதா?

யோசித்துப் பார்த்தால் எங்கள் புடவையும் அப்படித்தான். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. சாயம் எங்கிருந்தோ டப்பாவில் வருகிறது. தறியில் ஏறி இறங்கியதும் ஆரணிப் பட்டு ஆகிவிடுகிறது. பட்டணத்துக் கடைக்குப் போனால் கடைக்காரர் பெயரில் விலை போகிறது. வாங்கிக் கட்டுகிறவள் அதை என்ன ஊர் என்று சொல்வாள்? “எங்கம்மா எடுத்துக் குடுத்தது” என்பாள். முடிந்தது.

கிளம்பும்போது ரேவதி இன்னொன்றும் சொன்னாள். “எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் தண்ணி, ஆயிலு பார்க்கணும் ஆயா. பெரியப்பா பானட்டத் தொறந்து நான் பார்த்ததே இல்ல. நூல ஏத்துறாரு, எறக்குறாரு, அவ்ளோதான்.”

ஓகோ! ஆடி மாதம் நின்றது உள்நாட்டுக் கம்பெனியா, இல்லை நான் பெற்ற சோம்பேறியா? குமரேசனிடம் கேட்டேன். முகம் கறுத்துப்போய் எழுந்து போனான். மறுநாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. சனிக்கிழமை திரும்பி வந்தபோது அடையாளமே தெரியவில்லை. உள்ளே மட்டும் பழைய வாசம். பட்டு நூல் வாசம் எந்தச் சோப்புக்கும் போகாது.

சரி, எந்த வண்டியை எடுத்துப் போவது? அண்ணன் வண்டிதான் என்றான் அண்ணன். தம்பி வண்டிதான் என்றான் தம்பி. “ரெண்டையும் எடுங்கடா. ஒண்ணு நின்னா இன்னொண்ணுல வரலாம்” என்று சொல்லிவிட்டேன். இதுவரை இந்த வீட்டில் என் பேச்சு இவ்வளவு ஜல்தியாக எடுபட்டதே இல்லை.

மல்லிகா வரவில்லை. “நான் வந்து, அவுங்க அனுப்பலன்னா என்னால தாங்க முடியாது அத்தை. நீங்க கூட்டிட்டு வாங்க. நான் ஆரத்தி கரைச்சி வைக்கறேன்” என்றாள். கொண்டுபோக வேண்டிய வளையலை மட்டும் தொட்டுத் தொட்டு எண்ணிக் கொடுத்தாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கை நிறைய வளையல், கன்னம் நிறைய சந்தனம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளிசாதம்… பவித்ரா எதையும் தொடவில்லை. எதைப் பார்த்தாலும் குமட்டல். சரோஜாம்மா கையால் கொடுத்த கஞ்சி மட்டும் உள்ளே போனது. அந்த அம்மா ஏன் அனுப்பத் தயங்கினார் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் சரோஜாம்மா நேராக வாசலுக்கு வந்தார். இரண்டு காரையும் சுற்றி வந்தார். மாடு பிடிக்கப் போகிறவர் சந்தையில் சுற்றி வருவாரே, அந்த மாதிரி.

“இதுல எது நிக்காது?”

என் பிள்ளைகள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். வீட்டில் அத்தனை சண்டை போட்டவர்கள்! நான்தான் பேச வேண்டியிருந்தது.

“ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கீதுங்க சம்பந்தியம்மா.”

“ரெண்டும் நின்னா?”

“உங்க டிராக்டரு கீதே!”

அந்த அம்மா சிரித்துவிட்டார். அப்பாடா என்று மூச்சு வந்தது எனக்கு. “சரி, ஃபாரின் வண்டியில ஏத்துங்க” என்று உத்தரவும் போட்டார். தாமு ஓடிப்போய் ஏசி போட்டு, கதவைத் திறந்து, மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

பவித்ரா ஒரு காலை உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள். உள்ளே கண்ணாடிக்கு முன்னால் ஒரு செண்ட் பாட்டில். மல்லிகைப்பூ வாசனையாம். எனக்கே தலை சுற்றியது.

“பாட்டில எடுத்துடறம்மா!”

“சீட்டெல்லாம் அதே வாசம் வருது சித்தப்பா.”

விறுவிறுவென்று போய்க் குமரேசன் காரில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்தாள். “ஆயா, இதுல நூல் வாசம் வருது. குமட்டவே இல்ல.”

குமரேசன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சரோஜாம்மா முகமோ வெளிறிவிட்டது. கார் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“யம்மாடி, எறங்கு! இதான் அன்னிக்கு நின்ன வண்டி!”

“அத்தே, அதுல போனா நான்தான் வழியெல்லாம் எறங்கி வாந்தி எடுத்துகினு கெடப்பேன். இதுல தூங்கிகினே போயிடுவேன்.”

சரோஜாம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கதவிலிருந்து கை மெல்ல மெல்ல விட்டது. “தண்ணி பார்த்தீங்களா? ஆயிலு?” என்று கேட்டார். குமரேசன் பானட்டைத் திறந்தே காட்டினான். அந்த அம்மாவும் எட்டிப் பார்த்தார். டிராக்டர் வைத்திருக்கிறவர், தெரியாமல் இருக்குமா?

“வண்டி எங்கனா நின்னுச்சின்னா உடனே எனக்கு போன் வரணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கண் கலங்கியிருந்தது. கஞ்சிக்கு அரிசி, நொய் என்று ஒரு மூட்டையும் ஏறியது.

கிளம்பினோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வந்தவாசி வருவதற்குள் பவித்ரா கையைத் தூக்கினாள். “அப்பா, நிறுத்துப்பா, அவசரம்.” பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினான். பின்னால் வந்த தாமு குதித்து ஓடி வந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்!

“இன்னாண்ணா, நின்னுடுச்சா?”

“வண்டி நிக்கலடா. என் பொண்ணு நிறுத்தனா.”

முகம் தொங்கிவிட்டது, பாவம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அவசரம். மறுபடி தாமு ஓட்டம். மறுபடி முகம் தொங்கல். அப்புறம் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தினோம். சேத்துப்பட்டை நெருங்கும்போது ரோட்டோரத்தில் ஆவி பறக்க மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையிலிருந்து எதையும் தொடாத பெண் அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஆயா… மல்லாட்ட!”

நிறுத்தாமல் இருக்க முடியுமா? உரித்து உரித்து அவள் சாப்பிட்ட அழகை நான் எப்படிச் சொல்வது! குமரேசன் உரித்துக் கொடுத்தான். தாமு உரித்துக் கொடுத்தான். இரண்டு காரும் ரோட்டோரத்தில் சும்மா நின்றன. எந்தக் கம்பெனி உசத்தி என்று அப்போது யாரும் பேசவில்லை.

வீட்டு வாசலில் மல்லிகா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். அவள் சுற்றிய அவசரத்தில் பாதித் தண்ணீர் கீழே. பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுது, சிரித்து, உள்ளே கூட்டிப்போய் மெத்தையில் உட்கார வைத்தாள்.

அதே நேரம் என் போன் அடித்தது. சரோஜாம்மா!

“போய்ச் சேர்ந்துட்டீங்களா? இவ்ளோ நேரமா? வண்டி எங்கனா நின்னுச்சா?”

பொய் சொல்ல எனக்கு வராது. “நின்னுச்சிங்க. அங்கங்க நின்னுச்சி” என்றேன்.

“ஐயய்யோ! எந்த வண்டி? உள்நாடா, ஃபாரினா?”

“ரெண்டுமேதாங்க.”

“இன்னா கோளாறு?”

“மல்லாட்ட.”

அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“சாப்ட்டாளா?… அவிச்சதா, வறுத்ததா? வறுத்தது பித்தம். குடுக்காதீங்க.”

நல்லவேளை… அது உள்நாட்டு மல்லாட்டையா, வெளிநாட்டு மல்லாட்டையா என்று கேட்கவில்லை!