விரிசல் இல்லாத பாட்டில்

பாதுகாப்பு நிறுவனம் கொடுத்த அடையாள அட்டையின்படி வீரணன் ஒரு முன்னாள் ராணுவ வீரர். திடகாத்திரமான உடல்வாகு உடையவர். அத்துமீறி நுழைந்து தோண்டுவோரைத் தடுத்து இடத்தைக் காக்கும் பாதுகாப்பு அலுவலர்.

ராணுவத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. திருச்சி ஆள்சேர்ப்பில் மார்பளவு பார்த்தவர் மூச்சை இழுக்கச் சொன்னார். வீரணன் இழுத்தார். இன்னும் இழு என்றார்கள். அதற்குமேல் உள்ளே இடமில்லை. திடகாத்திரத்தைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை. தோண்டுவோர் விஷயத்தில் மட்டும் அட்டை பாதி உண்மை சொன்னது. அந்த இடத்தை ஒருவர் தோண்டத்தான் செய்தார். காவலுக்கு நின்றவரே அவர்.

இடம், உசிலம்பட்டி சாலையில் செக்கானூரணிக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம். ஒரு காலத்தில் மதுரையின் கழிவெல்லாம் லாரியில் வந்து அதில் விழுந்தது. பிறகு அதுவும் நின்று, மேலே வேலிக்கருவை மண்டிவிட்டது. மனை போட நினைத்த ஒருவர் அதை வாங்கிப்போட்டு, நல்ல நேரம் வரட்டும் என்று காவல் வைத்தார். குப்பையை எவன் களவாடப் போகிறான் என்று ஊர் சிரித்தது. வீரணனும் சேர்ந்துதான் சிரித்தார். பிறகு பொழுது போகாமல் ஒரு கம்பியை எடுத்து மண்ணைக் கிளறினார். கரும்பச்சை நிறத்தில் ஒரு கோலி உருண்டு வந்தது. சோடா பாட்டிலின் கழுத்துக்குள் கிடந்த கோலி. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

பீங்கான் ஜாடி மூடி, மைக்கூடு, பித்தளைப் பொத்தான், யாரோ ஒருவரின் பல்செட் என்று என்னென்னவோ வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி சுந்தரம்மாள் பல்செட்டைப் பார்த்ததும் பேச வேண்டியதைப் பேசிவிட்டார்.

"ஊரு உலகத்துல ஆம்பளைக வேலைக்குப் போனா சம்பளம் கொண்டாருவாக. ஒங்களுக்குச் சம்பளமே குப்பையாத்தான் குடுக்காகளா?"

அதற்குப் பிறகு பல்செட் மட்டும் பள்ளத்துக்குத் திரும்பிப் போனது.

1998-இல் நாகசுப்பிரமணியன் என்பவர் பள்ளத்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மதுரையில் முனிச்சாலைப் பக்கம் வீடு, வங்கியில் அதிகாரி, பழைய கண்ணாடிச் சாமான் சேர்ப்பதில் பித்து. கையில் சின்னக் களைக்கொட்டு. தோண்டக் கூடாது சார் என்று வீரணன் அட்டையைக் காட்டித் தடுத்தார். அட்டையில் எழுதிய வேலையை அவர் செய்த ஒரே நாள் அது. தடுத்த கையோடு, தான் தோண்டி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வீரணன் முனிச்சாலைக்குப் போய்வரத் தொடங்கினார். அந்த வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் ஒரு சின்ன அட்டை: என்ன பொருள், எங்கே கிடைத்தது, கண்டெடுத்தவர் யார். வீரணன் கொடுத்த கோலிகளுக்கு மட்டும் அட்டை இல்லை. மொத்தமாக ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

"கோலி எல்லா ஊர்லயும் கிடைக்கும் வீரணன். முழுப் பாட்டில் ஒண்ணு கொண்டு வாங்க. உங்க பேரைப் போட்டு நடுத்தட்டுல வைக்கிறேன்."

பாதுகாப்பு அட்டையில் பெயரைத் தவிர எல்லாம் பொய். இந்த அலமாரியிலாவது பெயரோடு ஓர் உண்மையும் சேர்ந்து நிற்கட்டும் என்று வீரணனுக்குத் தோன்றிவிட்டது. அதற்கப்புறம் அவருக்கு நிம்மதி இல்லை.

சோடா பாட்டிலை உடைக்காமல் கோலியை எடுக்க முடியாது. ஆகவே கையில் வரும் ஒவ்வொரு கோலியும், ஒரு பாட்டில் செத்துப்போன சேதி. வீரணனுக்குச் சேதி மேல் சேதியாக வந்தது. கழுத்து கிடைத்தால் உடம்பு இல்லை. உடம்பு கிடைத்தால் கழுத்து இல்லை. இரண்டுமுறை முழுசாகவே கிடைத்தது. நாகசுப்பிரமணியன் அவற்றை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டி, இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பாடமும் நடத்தினார். மண்ணுக்குள் நெடுநாள் கிடந்த கண்ணாடி மேல் வானவில் நிறத்தில் ஒரு தோல் படியும். அதுதான் பழசு என்பதற்குச் சாட்சி என்று ஒரு மருந்துக் குப்பியைச் சாய்த்துக் காட்டினார். வீரணன் தலையாட்டினார். அவர் மனசெல்லாம் விரிசலில் கிடந்தது.

2002 கோடையில் மனைக்காரர் சொல்லி அனுப்பினார்: அடுத்த வாரம் டிப்பர் லாரிகளில் செம்மண் வந்து பள்ளம் மூடப்படும். வீரணன் சாப்பாட்டை மறந்து தோண்டினார். லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், கருவை வேருக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. கழுத்து, உடம்பு, உள்ளே கோலி, எல்லாம் இருந்தன. மேலே அழுக்கோடு அழுக்காக வானவில்லும் இருந்தது.

இனிமேல் இன்னொன்றைத் தேடப் பள்ளம் இருக்காது. மூன்றாம் தடவையும் விரிசல் என்ற சொல்லைக் கேட்க அவரால் முடியாது. பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினார். சந்தைப் பக்கம் கோலிசோடா போடும் நல்லகாமன் பால்ய சிநேகிதர்.

"இதுக்கு ஏன் மாப்ள மண்டையப் போட்டு ஒடச்சுக்கிற? சோடா கேஸ் ஏத்துவோம். தாங்கிப் புடிச்சா விரிசல் இல்ல. வெடிச்சா விரிசல் இருந்துச்சுன்னு அர்த்தம். எப்படிப் பாத்தாலும் ஒனக்கு வெவரம் தெரிஞ்சிரும்ல?"

மறுக்க முடியாத வாதமாக இருந்தது. நல்லகாமன் தொழிலில் சுத்தக்காரர். ஆசிட் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுத்துக்குள் மக்கிக் கிடந்த ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பர் மாட்டினார். தண்ணீர் நிரப்பி, இயந்திரத்தில் பூட்டிச் சுற்றினார். வெடித்தால் சில்லு தெறிக்காமலிருக்கத் தொங்கவிட்டிருந்த சாக்குக்குப் பின்னால் வீரணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சத்தம் எதுவும் வரவில்லை. கோலி கழுத்தில் ஏறி அடைத்துக்கொண்டு நின்றது. பாட்டில் பளபளவென்று இருந்தது.

மறுநாள் நாகசுப்பிரமணியன் அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார். நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"விரிசல் இல்ல."

வீரணன் அலமாரியின் நடுத்தட்டைப் பார்த்துக்கொண்டார். நாகசுப்பிரமணியன் பாட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை. விரலால் தடவினார். கழுத்துக்குள் எட்டிப் பார்த்தார். தம் மனைவி சூடாமணியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் வீரணனைப் பாவமாகப் பார்த்தார்.

"வீரணன், நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா உள்ள இருக்கிறது நேத்துப் போட்ட சோடா. ரப்பர் புதுசு. மேல தோலும் இல்ல. தோண்டி எடுத்ததுக்கு இதுல என்ன அடையாளம் இருக்கு?"

"நேத்துவரைக்கும் இருந்துச்சு சார்."

விரிசல் இல்லை என்பதை நிரூபித்த அந்த ஒரு மணி நேரத்தில், பழசு என்பதற்கான நிரூபணம் சாக்கடையில் ஓடிப்போயிருந்தது. நாகசுப்பிரமணியனுக்கு அட்டை எழுதும் கை வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவது என்பது அவர் கொள்கை. வருத்தத்தோடுதான் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

சூடாமணி அம்மாள் காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்மா. சோடா இருக்கு," என்றார் வீரணன்.

சொன்ன நாளில் செம்மண் வந்தது. பள்ளம் மூடி, கல் நட்டு, ஒரு நகருக்குரிய பெயரும் வைத்தார்கள். காவல் வேலை முடிந்தது. நிறுவனம் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதில் எழுதாமல் விட்டது இவ்வளவுதான்: வீரணன் ஐந்தாறு வருஷம் அந்தக் குப்பைப் பள்ளத்தைத் தோண்டி, விரிசல் இல்லாத ஒரு சோடா பாட்டிலைக் கண்டெடுத்தார், முனிச்சாலையில் ஒரு கூடத்தில் நின்றபடி கோலியைக் கட்டைவிரலால் அமுக்கி உள்ளே இருந்த சோடாவைக் குடித்தார், காலிப் பாட்டிலை நல்லகாமன் கடையில் திருப்பிக் கொடுத்தார்.