நைனா பெயர் மைக்கில் கேட்ட நாள்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் கட்டியிருக்கிறார்கள். காலேஜ் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டி. வட்டம் வட்டமாகப் படங்கள் போட்டு, மேலே ‘கவனிக்க வேண்டிய வீராங்கனைகள், பயிற்சியாளர்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. அதை என் மகன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் போட்டியே முடிந்து கோப்பையையும் கொடுத்துவிடுவார்கள்.

“இந்த மாதிரி லிஸ்ட்டை ஒரு தபா நானே மைக்குல படிச்சிருக்கேன்டா” என்றேன்.

“உனக்குத்தான் படிக்கவே வராதே?”

“அதனாலதான்டா அந்த மாதிரி படிச்சேன்.”

நான் சொல்லச் சொல்ல இதையும் அவன்தான் எழுதுகிறான். நடுவில் எங்காவது நான் புத்திசாலியாகத் தெரிந்தால் அது அவன் கைவேலை.

அப்போது எனக்குப் பத்து வயது. டீச்சர் போர்டில் எழுதுவதைப் பார்த்து நோட்டில் அப்படியே படம் வரைந்துகொண்டு வருவேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அழுவேன். என் திறமை எல்லாம் வாயில் இருந்தது. எங்கள் சிங்கவரத்தில் கூத்து நடந்தால் மறுநாள் முழுக்க நான்தான் கட்டியங்காரன். கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வருவான். வரப்போகிறவர் யார், எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று சபைக்குச் சொல்லிச் சிரிக்க வைப்பான். நான் எங்கள் வீட்டு ஆட்டுக்குக்கூடக் கட்டியம் சொல்வேன். அது புழுக்கை போட்டுக்கொண்டே கேட்கும். என் பேச்சை முழுசாகக் கேட்டது அந்த ஆடு ஒன்றுதான்.

அக்கா எனக்கு நேரெதிர். படிப்பாள், பேசமாட்டாள். செஞ்சி காலேஜில் மூன்றாம் வருஷம். கடலை பறிக்கப் போனால் பத்தடி தள்ளி நின்று கைப்பிடிக் கடலையைக் கூடைக்குள் வீசுவாள், ஒரு காய் வெளியே விழாது. காலேஜில் அதே வேலைக்கு அவள் கையில் பந்தைக் கொடுத்தார்கள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பெண் பந்தாடுகிறாள் என்று தெரிந்தால் நைனா படிப்பையே நிறுத்திவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் நைனாவைப் பொறுத்தவரை அக்கா சனிக்கிழமைகளில் டைப்பிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள்.

மாமா வேறு செய்யாறு பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். பரீட்சை முடிந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அக்காவுக்கோ மேலே படிக்க ஆசை. செஞ்சியில் நடந்த அந்த வருஷத்துப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு காலேஜின் கோச் மேடம் வருகிறார், அவர் கை காட்டுகிற பெண்ணுக்குச் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று பேச்சு. ஆட்டத்தன்று காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: “இந்த ஒரு ஆட்டந்தான் பாப்பா. இது போச்சுன்னா செய்யாறுதான்.”

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நைனாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் அம்மா வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுவாள். பிள்ளைகள் சொன்னால் வாயிலேயே அடி. நைனா, விளைச்சலை ஏலம் விடுகிற மார்க்கெட் கமிட்டியில் கடலை மூட்டை தூக்குகிறவர். அங்கேயும் சட்டையில் குத்திய வில்லையின் நம்பர்தான் கூப்பிடுகிற பெயர். “ஏய் பதினாலு, இந்த வண்டிக்கு வா.” அவ்வளவுதான்.

கிரவுண்டில் மைக் பிடித்திருந்தவர் காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிற ஓர் அண்ணன். காலையிலிருந்து கத்திக் கத்தி மத்தியானத்துக்குள் அவர் தொண்டை கட்டிவிட்டது. நான் மேசைக்குப் பின்னால், ஆடுகிறவர்களுக்காக வைத்திருந்த ஆரஞ்சுச் சுளைகளை அவர்கள் சார்பில் தின்றுகொண்டிருந்தேன்.

“பாப்பா, படிக்கத் தெரியுமில்ல? வெந்நி குடிச்சிட்டு வந்துடறேன். ஆளுங்க உள்ள வரும்போது இதை அப்படியே படி” என்று ஒரு தாளைக் கையில் திணித்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டப் படிப்பு தேவையில்லை.

தாளைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆட்களோ உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கட்டியங்காரன் ஆனேன்.

“வந்தாரு பாரு வெளியூர் கோச்சி! வயிறு முன்னால வருது, ஆளு அப்பால வராரு! விசில் ஊதி ஊதியே கன்னம் உப்புனவரு!” கிரவுண்டு சிரித்தது. அந்தக் கோச்சும் சிரித்தார், வயிறு தனியாகக் குலுங்கியது. எனக்கு ஏறிவிட்டது. சென்னை மேடத்தைப் பார்த்தேன். கூலிங் கிளாஸ், தொப்பி, மடியில் நோட்டு. “இதோ மெட்ராஸ் மேடம்! கமிட்டியில யாவாரி மூட்டையில கையவுட்டுக் கடலைய அள்ளிப் பாக்கறாப்புல, பொண்ணுங்கள அள்ளிப் பாக்க வந்துகிறாங்க! சொத்தைக் கடலையெல்லாம் ஓரம் போங்க!” மேடம் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு அக்கா வந்தாள். முதுகில் ஒன்பது. சொந்த அக்காவுக்குக் குறை வைக்க முடியுமா? ஊர் சொன்னேன், யார் மகள் என்றும் சொன்னேன். ஆமாம், நைனாவின் பெயரை, இனிஷியலோடு, நாலு குழாய் ஸ்பீக்கரில். “சிங்கவரத்து இன்னார் பெத்த மவ! நூறு மூட்டை தூக்கற தோளு, அந்தத் தோளுக்குப் பொறந்த தோளு! பாத்துக்குங்க ஜனங்களே!” என்றேன். இந்த ‘இன்னார்’ இங்கே எழுத்தில் மட்டும்தான். அன்றைக்கு வாய் நிறையச் சொன்னேன். இப்போது என் மகன் எழுதக் கேட்கிறான், வர மாட்டேன் என்கிறது.

அக்கா கோர்ட் நடுவிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஒரு குழாய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கமிட்டியைப் பார்த்துக் கட்டியிருந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. அக்கா போட்டதெல்லாம் விழுந்தது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பாயிண்ட் நாங்கள் முன்னால். அப்போதுதான் கேட் பக்கம் கூட்டம் விலகியது. தலையில் துண்டு, உடம்பெல்லாம் கடலைத் தூசு, கையில் மூட்டை இழுக்கிற கொக்கி. நைனா ஓடி வந்தார். கோடு எது, கோர்ட் எது என்று பார்க்காமல் நேராக உள்ளே வந்து நின்றார்.

“எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?”

எங்களைப் போன்றவர்கள் பெயரை எப்போது மைக்கில் கூப்பிடுவார்கள்? தேர்த் திருவிழாவில் பிள்ளை தொலைந்தால் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் யாராவது அடிபட்டுக் கிடக்க வேண்டும். யாரோ கமிட்டியில் “ஏய் பதினாலு, உம் பேரைச் சொல்றாங்கடா குழாயில, பொண்ணு கிண்ணுன்னு” என்று சொல்லியிருக்கிறார்கள். தூக்கின மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

அக்கா பந்தோடு அப்படியே நின்றுவிட்டாள். வெளியூர்ப் பெண் ஒருத்தி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். விசில் ஊதினார்கள். என் கையில் மைக் இன்னும் உயிரோடு இருந்தது.

“நைனா, அக்காவுக்கு ஒண்ணும் ஆவல. பந்து ஆடுது.”

செஞ்சியே கேட்டது. செஞ்சியே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. அக்காவின் முழங்காலைப் பார்த்தார், தூணில் தொங்குகிற வலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அக்கா மெதுவாகப் பையைத் தேடி நடக்க ஆரம்பித்தாள். எல்லாம் முடிந்தது என்று நான் மேசைக்கடியில் போகத் தயாரானேன்.

சென்னை மேடம்தான் எழுந்து வந்து, “சார், கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நின்னு பாருங்க” என்றார்.

நைனா திரும்பிப் பின்னால் பார்த்தார், சார் யாரென்று. யாரும் இல்லை. கொக்கியை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “இன்னாடி நிக்கற? ஆளுங்க காத்துகினு இருக்காங்க பாரு” என்றார்.

நான் அளக்கிற கதையாக இருந்தால் இங்கே நாங்கள் ஜெயித்திருப்போம். ஒரு பாயிண்டில் தோற்றோம். ஆனால் அந்தக் கடைசி ஐந்து நிமிஷமும் அக்கா விடாமல் ஓடி ஓடி ஆடினாள். பந்து போகிற பக்கமெல்லாம் நைனாவின் கழுத்தும் போனது.

முடிந்ததும் மேடம் நைனாவைப் பெயர் சொல்லி, பின்னால் ஒரு சாரும் சேர்த்துக் கூப்பிட்டார். “உங்க பேரைத்தான் மைக்ல சொன்னாங்களே. பொண்ணை எங்ககிட்ட அனுப்புறீங்களா?”

“தோத்துப்புட்டாளேம்மா.”

“தோத்தது டீமு சார். நீங்க வந்ததும் அது பையைத் தேடிப் போச்சு, அப்புறம் திரும்பி வந்து ஆடிச்சு பாருங்க. அந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும்.”

“வூட்ல கலந்துகினு சொல்றேன்” என்றார் நைனா. கலந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. மறுவாரமே மாமாவிடம் செய்யாறுக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது பஸ் ஸ்டாண்டுப் பேனரில் கடைசி வட்டத்தில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பது அக்காதான். அவள் பெயருக்கு முன்னால் நைனா பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. அந்த ஓர் எழுத்தை மட்டும் நான் கூட்டாமலே படித்துவிட்டேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அன்றைக்குச் சைக்கிளில் வீடு திரும்பியதுதான். முன் பாரில் நான், பின் கேரியரில் அக்கா. பாதி தூரம் போனதும் என் தலைக்கு மேல் நைனாவின் குரல் வந்தது.

“மைக்குல இன்னா சொன்ன? சொல்லு.”

விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். “சிங்கவரத்து மவ, ஒம்போதாம் நம்பர்...” என்று இழுத்தேன்.

“நடுவுல பேரு ஒண்ணு வந்துச்சே.”

வாய்க்குள்ளேயே சொன்னேன்.

“அப்படியா சொன்ன? கமிட்டி வரைக்கும் கேட்டுது. அப்படிச் சொல்லு.”

அடி நிச்சயம், அதைக் கத்திவிட்டே வாங்கலாம் என்று மூச்சுப் பிடித்துக் கத்தினேன். கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நைனா பெடலை ஓங்கி மிதித்தார். “இன்னொரு தபா” என்றார். சிங்கவரம் வருவதற்குள் நாலு முறை சொல்ல வைத்தார். பின்னால் அக்கா அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு விழப்போகிற அடியை நினைத்துத்தான் அழுகிறாள், பாவம் என்று நினைத்தேன்.

வீடு வந்ததும் குதித்து ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நைனா என்னைத் தேடி வரவில்லை. சைக்கிளை நிறுத்தினார். துண்டை உதறினார். யாரும் இல்லை என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் பெயரைத் தானே ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

எனக்குத்தான் படித்தது மறக்கிறது என்று நினைத்திருந்தேன். வயதானால் சொந்தப் பெயர்கூட மறந்துபோகும் போலிருக்கிறது, அதனால்தான் என்னை நாலு முறை சொல்ல வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.