பிரானூர் சவுக்கையில் ஒரு சம்சாரம்

இன்றைக்குத் தென்காசியில் பஸ் ஏறி, உட்கார இடம் பிடிப்பதற்குள் செங்கோட்டை வந்துவிடுகிறது. நான் சொல்கிற காலத்தில் அந்த ஐந்து மைலுக்கு நடுவில் ஒரு ராஜ்யம் முடிந்து இன்னொரு ராஜ்யம் தொடங்கியது. தென்காசியும் குற்றாலமும் வெள்ளைக்காரன் ஆட்சி. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. நடுவே பிரானூரில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கிடக்கும். பக்கத்தில் சங்கு முத்திரை போட்ட பலகையோடு சவுக்கை என்கிற சுங்கச் சாவடி. வண்டியை நிறுத்தி, வைக்கோலைக் கிளறி, புகையிலை ஒளித்து வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூங்கிலைத் தூக்குவார்கள்.

நான் செங்கோட்டையில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். அதனால் மூத்தவள் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தாள். அடுத்தவன் பிறக்கிற சமயம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. புருஷன் வீட்டிலேயே பெற்றேன். அவன் வெள்ளைக்காரப் பிரஜை ஆகிவிட்டான். ஒரே தொட்டிலில் கிடந்த இரண்டு பிள்ளைக்கு இரண்டு தேசம்.

இதை வைத்து நான் என் வீட்டுக்காரரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. எங்கள் ராஜ்யத்தில் பெண்பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போகிறார்கள், எங்கள் ராஜ்யத்து அஞ்சல் ஒருநாள்கூடப் பிந்தாது என்று வாய்க்கு வாய் சொல்லுவேன். குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட, "எங்க ராஜ்யத்துல இப்படித்தான் வைப்போம்" என்பேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்பம் உங்க ராஜாவையே கூப்பிட்டுப் பரிமாறு" என்பார். அவருக்கு மீசையும் கோபமும் ஒரே அளவு. இரண்டையும் நான் கண்டு பயந்ததில்லை.

என் தம்பிக்கு ஆனி மாதத்தில் கல்யாணம் வைத்தார்கள். எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு ஒரே அக்காள். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சுக்காக நான் அவன் நடைபழகிய நாளிலிருந்து காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அது நிஜம். நான் வராவிட்டால் போட வேறு ஆள் இல்லாமலில்லை. பெரியப்பா மகள் ஒருத்தி இருந்தாள். எந்தக் கல்யாணத்திலும் மணவறைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அவள் உட்காருவாள். அவளுக்கு அந்த முடிச்சை விட்டுக்கொடுப்பதைவிட நான் நடந்தே கேரளக் கரைக்குப் போய்விடுவேன்.

காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். முதல் நாளே செங்கோட்டை போய்விட வேண்டும் என்றுதான் ஏற்பாடு. ஆனால் சாரல் தொடங்கிவிட்டது. மலையில் மேகம் இறங்குவதைக் கண்டால் என் வீட்டுக்காரர் கைகால் நிற்காது. "குத்தாலத்தைத் தாண்டிப் போறவன் குளிக்காமப் போனா ஊர் சிரிக்கும்" என்று வண்டியைக் குற்றாலத்துக்குத் திருப்பச் சொன்னார். அங்கே ஒரு அறை பிடித்துத் தங்கி, சாயங்காலம் ஒரு குளியல், விடிந்ததும் எண்ணெய் தேய்த்து இன்னொரு குளியல். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் அருவிக்கடியில் நின்று மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவளை இழுத்துத் துவட்டி, பட்டுப்பாவாடை கட்டி, வண்டியில் ஏற்றினேன்.

வல்லம் தாண்டும்போது எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. மேல்காற்று முகத்தில் தூவானத்தை அடிக்கிறது. மடியில் கைப்பிள்ளை. காலடியில் தம்பிக்கு வாங்கிய பட்டு வேட்டி. விரல்களால் முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே வந்தேன், பழகிக்கொள்கிற மாதிரி.

பிரானூரில் மூங்கில் கிடந்தது. அதன் அருகில் வழக்கத்தில் இல்லாத ஒரு ஓலைக் கொட்டகையும் இருந்தது. வாசலில் கம்பவுண்டர் ஒருவர் சின்ன அடுப்பில் எதையோ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்ததில் வாந்திபேதி கண்டிருக்கிறதாம். அங்கிருந்து வருகிறவர்கள் ஊசி போட்ட சீட்டைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இங்கே போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் மாட்டேனென்றால் மூன்று நாள் கொட்டகையில் இருக்க வேண்டும். வண்டிக்காரன் இறங்கிப் போய் விசாரித்து வந்து இதைச் சொன்னான். அவன் போன மாதமே ஊசி போட்டுச் சீட்டை மடியில் வைத்திருந்த புத்திசாலி.

எங்களிடம் சீட்டு இல்லை. தென்காசியில் எங்கள் தெருவுக்கு ஊசிக்காரர்கள் வந்த அன்று என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஆய்க்குடி வயல் ஞாபகம் வந்து புறப்பட்டுப் போய்விட்டார். ஆம்பிளை இல்லாத வீட்டில் கையை நீட்ட வேண்டாமென்று நானும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

சவுக்கை அதிகாரி வண்டிக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், திருவனந்தபுரத்துக்கு அந்தப் பக்கத்து மலையாளி. தமிழ் அரைகுறை. என் வீட்டுக்காரருக்கு மலையாளம் அதுகூட இல்லை. எனக்கு இரண்டும் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் ஆம்பிளைகள் பேசும்போது நடுவில் புகாமல் இருப்பது அன்றைக்கு மரியாதை.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடங்கினார். "நாங்க தென்காசில இருந்து நேரா வாரோம். இது என் சம்சாரம். மச்சினனுக்கு இன்னைக்குக் கல்யாணம்."

அதிகாரி கையை நீட்டி, "சம்சாரம் வேண்டா. சீட்டு மதி" என்றார்.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. பேச்சு வேண்டாம், சீட்டு போதும் என்கிறார் மனுஷர். இவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"என் சம்சாரம் வேண்டாம்னு சொல்ல நீரு யாருவே?"

அதிகாரிக்கும் சுருக்கென்றது. என் பேச்சை வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று இவன் கேட்கிறானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "நிங்ஙளுக்கு சம்சாரம் கூடுதலா" என்றார், உனக்கு வாய் அதிகம் என்கிற அர்த்தத்தில்.

"கூடுதலா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்வே. அது இந்தா வண்டியில இருக்கு."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். வயிறு குலுங்கிய குலுக்கலில் மடியிலிருந்த பிள்ளை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. சொல்லவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. இதற்குள் மகள் வண்டிக்கு வெளியே தலையை நீட்டி, யாரும் கேட்காமலே, "நாங்க குத்தாலத்துல ரெண்டு தடவ குளிச்சோம்" என்றாள். வண்டிக் கூண்டின் மேல் இவர் காயப்போட்டிருந்த ஈர வேட்டியும் துண்டும் அவளுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

அப்போது மேல்காற்றில் மேளச் சத்தம் வந்தது. செங்கோட்டையிலிருந்துதான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பிள்ளையை இடுக்கிக்கொண்டு இறங்கினேன். மலையாளத்தில், அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்சாரம் என்ற சொல்லின் கதையையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ எவிடத்துக்காரி?" என்று கேட்டார். செங்கோட்டை என்றேன். எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். கொட்டகைக்குள் போய்ச் சட்டம் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். மகாராஜாவின் பிரஜைகள் சொந்த வீட்டுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ஊசியும் கட்டாயமில்லை, மருந்து கொஞ்சம்தான் இருக்கிறது, அது வெளியார்க்கு. ஆகவே நான் போகலாம். செங்கோட்டையில் பிறந்த மகளும் போகலாம்.

"இவன் தென்காசியில பொறந்தான்" என்று இடுப்பிலிருந்தவனைக் காட்டினேன்.

அவர் அவன் கன்னத்தை நிமிண்டி, "பால் குடிக்கிற பிள்ளைக்கு அம்மையோட நாடு" என்றார்.

எல்லாரும் போகலாம், என் வீட்டுக்காரரைத் தவிர. அவர் ஊசி போட்டுக்கொண்டால் இந்த நிமிஷமே வரலாம். நான் சந்தோஷமாகத் திரும்பி, "இங்கேருங்க, ஒரு ஊசிதானாம், போட்டுட்டு வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஊசிகளைப் பார்த்தார். "நீ புள்ளைகளோட போ. முடிச்சு முக்கியம். நான் மூணு நாள் இங்கன இருந்துட்டு வாரேன்" என்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது, அந்தச் சாரலில்.

எனக்கு அப்போதுதான் ஆய்க்குடி வயல் விளங்கியது. கம்மாய்த் தகராறில் அரிவாளுக்கு எதிரே வெறுங்கையோடு நின்ற மனுஷன் ஊசிக்குப் பயந்து ஓடியிருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கோபம் வந்தது. வீட்டு மாப்பிள்ளை சவுக்கைக் கொட்டகையில் கிடக்க, நான் மட்டும் போய் மணவறையில் நிற்பதா? எங்கே உன் வீட்டுக்காரர் என்று நூறு பேர் கேட்பார்கள், பெரியப்பா மகள் முதலாவதாகக் கேட்பாள். அவரை விட்டுவிட்டுப் போக எனக்குப் பிடிக்கவுமில்லை. அதுதான் உண்மை. மேளம் மறுபடி கேட்டது. போ, போ என்று கால் சொல்கிறது. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பத்துப் பேர் முன்னால் நான் வற்புறுத்தினால் மீசை தடுக்கும். சாகிறவரை போட மாட்டார்.

கொட்டகைக்குப் போனேன். கம்பவுண்டர் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன்.

"உனக்கு வேண்டா. நீ நம்ம ராஜ்யம்" என்றார் அதிகாரி.

"இல்லை" என்றேன். இதைத் தமிழில்தான் சொன்னேன். "நான் தென்காசிக்காரி. அப்படியே எழுதிக்கிடுங்க. எனக்கும் ஊசி போடணும்."

ஏழு வருஷம் பேசிய பெருமையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அதிகாரி என்னையும் பார்த்தார், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரையும் பார்த்தார். புரிந்துகொண்டார் போலும், பேனாவை எடுத்தார்.

ஊசி வலித்தது. முகத்தைச் சுளிக்காமல் இருந்தேன். எழுந்திருக்கப் போனபோது பெஞ்சு அசைந்தது. என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் ஒன்று உடைந்தது. கல்யாண நாளில் வளையல் உடைந்தால் ஆகாது என்பார்கள். எனக்கு அன்று ஆகாதது என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏட்டி, நீயும் வா" என்று மகளைக் கூப்பிட்டேன், விளையாட்டுக்காக.

அவள் வண்டியின் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டு, "நான் செங்கோட்டை" என்றாள். எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் கடைசிவரை மகாராஜாவுக்கு உண்மையாக நின்றாள்.

மூங்கில் தூக்கியதும் வண்டிக்காரன் மாட்டை விரட்டினான் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம் அந்த மாடுகள் அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை. ஈர வேட்டி கூண்டின் மேல் கொடி மாதிரி பறந்தது. குலுங்கிய குலுக்கலில் சம்சாரம் என்றால் என்னவென்று இவருக்கு விளக்கினேன். "எனக்கு ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னேனே, அதுக்கு அவரு என்ன நெனச்சிருப்பாரு?" என்று கேட்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கை வலி தெரியவில்லை.

பந்தலுக்குள் நான் ஓடியபோது தாலி சபையைச் சுற்றி வந்து ஐயர் கைக்குத் திரும்பியிருந்தது. பெரியப்பா மகள் மணப்பெண்ணுக்குப் பின்னால் தயாராக மண்டியிட்டிருந்தாள். "தள்ளு" என்றேன். நகர்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி ஒரு முடிச்சுப் போட்டான். இடது கை கனத்துக் கிடந்தது, விரல் மட்டும் சொன்னபடி கேட்டது. மஞ்சள் கயிற்றை இழுத்து இரண்டு முடிச்சையும் நான் போட்டேன். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கை வலியில் அழுகிறாள் என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் தப்பு.

பந்தியில் அம்மா என் கையைக் கண்டுவிட்டாள். அதற்குள் வீங்கிச் சிவந்திருந்தது. "நம்ம நாட்டுப் புள்ளைக்கு ஊசி கெடையாதே. ஒனக்கு எதுக்குட்டி குத்துனாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். ஊசிக்குப் பயந்த மாப்பிள்ளை என்று சொல்ல முடியுமா? குனிந்து இலையைப் பார்த்தேன்.

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். "எனக்குத்தான் அத்தை ஊசி. பயமா இருந்துச்சு. சம்சாரம் வேணும்லா" என்றார்.

இரண்டு பாஷையும் தெரிந்த ஊர் செங்கோட்டை. பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் இலைக்குப் போய் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.